அரை மணி நேரத்தில் அமெரிக்க கம்பெனி: தொடங்குவது சுலபம், வைத்திருப்பது?

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் என்றொரு ஊர். அங்கே நார்த் ஆரஞ்சு தெரு, கதவு எண் 1209. தாழ்வான அலுவலகக் கட்டடம். வாசலுக்கு மேலே சாயம் போன துணிக்கூரை. எதிரே கார்கள் நிறுத்தும் அடுக்குக் கட்டடம். தெருவில் போகிறவர்கள் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். ஆனால், 2,85,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு இதுதான் சட்டப்படியான முகவரி என்று 2012-ல் எழுதியது நியூயார்க் டைம்ஸ். ஆப்பிள், கூகுள், வால்மார்ட், கோகோ கோலா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2016 அதிபர் தேர்தலில் எதிரெதிரே நின்ற டிரம்ப், ஹிலாரி கிளின்டன் இருவரோடும் தொடர்புள்ள நிறுவனங்களும் இதே வாசலில்தான் பதிவாகியிருந்தன.

அந்த நிறுவனங்களின் மேஜை, நாற்காலி எதுவும் உள்ளே கிடையாது. நிறுவனத்தின் பெயருக்கு வரும் நோட்டீஸையும் சம்மனையும் வாங்கிக் கொடுக்கும் ‘ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட்’ ஒருவர் இருக்கிறார். சட்டம் கேட்பது அவ்வளவுதான். டெலவேரின் மக்கள்தொகை சுமார் பத்து லட்சம். அங்கே பதிவான நிறுவனங்கள் இருபது லட்சத்துக்கும் மேல்.

அப்படி ஒரு முகவரியைக் கோவை பீளமேட்டிலோ சென்னை பெருங்குடியிலோ உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞர் இன்று செல்போனிலேயே வாங்கிவிடலாம். பாஸ்போர்ட் நகல் ஒன்று, கார்டு ஒன்று, அரை மணி நேரம். விசா வேண்டாம், அமெரிக்க மண்ணை மிதிக்கவே வேண்டாம். ‘அமெரிக்காவில் உங்கள் பெயரில் எல்.எல்.சி., டாலரில் வங்கிக் கணக்கு, வரி பூஜ்யம்’ என்ற விளம்பரங்கள் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் தமிழிலேயே வருகின்றன. ஃப்ரீலான்சர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இதைப் பற்றிய கேள்வி ஓய்வதில்லை.

விளம்பரம் சொல்வதில் பொய் குறைவு. சொல்லாமல் விடுவதுதான் அதிகம். அந்தச் சொல்லாத பகுதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

டாலர் வர வழி தேடி

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்படி கம்பெனி தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் வரி ஏய்ப்பு எண்ணத்தோடு வருகிறவர்கள் அல்ல. அவர்களுக்கு வேண்டியது பேமென்ட் கேட்வே.

மாதம் பத்து டாலர் சந்தாவுக்கு ஒரு மென்பொருளை உலகம் முழுக்க விற்க நினைக்கும் புரோகிராமரை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு வாடிக்கையாளர் கார்டு எண்ணைக் கொடுத்தால் மாதாமாதம் தானாகப் பணம் பிடித்தமாக வேண்டும். உலகம் அதற்குப் பழகிப்போன ஸ்ட்ரைப் நிறுவனம், இந்தியாவில் 2024 மே முதல் அழைப்பின் பேரில் மட்டுமே புதிய கணக்கு தருகிறது. அதே ஸ்ட்ரைப், ‘அட்லஸ்’ என்ற பெயரில் டெலவேரில் கம்பெனி பதிவு செய்து கொடுக்கும் சேவையை 2016-லிருந்து நடத்திவருகிறது. கட்டணம் 500 டாலர். இங்கே மூடிய கதவு அங்கே திறந்திருந்தால் அங்கே போகத்தான் செய்வார்கள்.

சிலருக்கு வேறு காரணம். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் தனிநபரோடு ஒப்பந்தம் போடத் தயங்குகிறார். அமெரிக்க நிறுவனத்தின் இன்வாய்ஸ் என்றால் அவருடைய கணக்குப் பிரிவு கேள்வி கேட்காமல் பணம் அனுப்புகிறது. ஏதாவது வழக்கு வந்தால் சொந்த வீடும் சேமிப்பும் தப்பிக்க வேண்டும் என்ற நியாயமான பயமும் உண்டு.

எண்ணெய்க் கம்பெனி கேட்டு வாங்கிய சட்டம்

எல்.எல்.சி. எனும் ‘லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி’ அவ்வளவு பழைய ஏற்பாடல்ல. ஹாமில்டன் பிரதர்ஸ் என்ற எண்ணெய் நிறுவனம் பனாமா நாட்டு ‘லிமிடாடா’ அமைப்பைப் பயன்படுத்திவந்தது. அதே வசதி சொந்த நாட்டிலும் வேண்டும் என்று அலாஸ்காவில் கேட்டுப் பார்த்து, நடக்காமல், வயோமிங் மாநிலத்தில் 1977-ல் சட்டமாக்கிக்கொண்டது. கடன் உரிமையாளரின் சொந்தச் சொத்தைத் தொடாது. லாபத்துக்கு நிறுவன அளவில் தனி வரியும் இராது. இரண்டும் ஒரே அமைப்பில். அமெரிக்க வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 1988-ல் இதை ஏற்றுக்கொண்டது. டெலவேர் 1992-ல் தன் எல்.எல்.சி. சட்டத்தைக் கொண்டுவந்தது. 1997-லிருந்து, எப்படி வரி கட்டுவது என்பதை நிறுவனமே ஒரு படிவத்தில் தேர்வு செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. ஒரே ஆள் வைத்திருக்கும் எல்.எல்.சி. எதையும் தேர்வு செய்யாவிட்டால், வரிக் கணக்கில் அப்படி ஒரு நிறுவனமே இல்லாததுபோல் பாவிக்கப்படும். உரிமையாளர்தான் நேரடி வரிதாரர். கீழே வரப்போகும் நன்மைக்கும் தொல்லைக்கும் வேர் இந்த ஒரு விதி.

ஃபேக்ஸ் இன்னும் சாகவில்லை

பதிவு முடிந்ததும் வருவது இ.ஐ.என். எனும் ஒன்பது இலக்க வரி எண். இது இல்லாமல் வங்கிக் கணக்கு கிடையாது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் உள்ளவர்கள் இணையத்தில் சில நிமிடங்களில் வாங்கிவிடுவார்கள். நம்மிடம் அந்த எண் இல்லை. எஸ்.எஸ்-4 என்ற ஒரு பக்கப் படிவத்தை நிரப்பி, 7பி என்ற கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ‘ஃபாரின்’ என்று எழுதி, ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும். ஃபேக்ஸ் இயந்திரத்தைக் கண்ணால் பார்த்திராத தலைமுறை, இதற்காகவே இணைய ஃபேக்ஸ் சேவைக்குப் பணம் கட்டுகிறது. சில நாளிலும் பதில் வரும், சில வாரமும் ஆகும். இந்த எண் முழுக்க இலவசம். இதை வாங்கித் தருவதற்கென்று தனியாக நூறு, இருநூறு டாலர் கேட்கும் ஏஜென்சிகள், அந்த ஒரு பக்கப் படிவத்தை நிரப்பும் வேலைக்குத்தான் அதை வாங்குகின்றன.

உரிமையாளர் விவரங்களை அமெரிக்க நிதித்துறைக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து பெரும் பரபரப்பானது. 2025 மார்ச்சில் அமெரிக்காவுக்குள் பதிவான நிறுவனங்களுக்கு அது நீக்கப்பட்டுவிட்டது. நீங்கள் இந்தியர் என்றாலும் உங்கள் எல்.எல்.சி. வயோமிங்கிலோ டெலவேரிலோ பிறந்தது, ஆகவே அந்த விதி அதற்கு இப்போது இல்லை. அந்தப் பெயரில் யாராவது இன்னும் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

*

பெட்டிச் செய்தி: கையைவிட்டுப் போகும் பணம்

வயோமிங்: பதிவுக் கட்டணம் 100 டாலர், ஆண்டு அறிக்கைக்குக் குறைந்தது 60 டாலர்.

டெலவேர்: லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு 300 டாலர், கெடு ஜூன் 1. தவறினால் 200 டாலர் அபராதம், மாதம் 1.5 சதவீத வட்டி.

நியூ மெக்சிகோ: பதிவு 50 டாலர். ஆண்டு அறிக்கை கிடையாது.

கலிஃபோர்னியா: எந்த மாநிலத்தில் பதிவு செய்திருந்தாலும் இங்கே தொழில் நடந்தால் ஆண்டுக்கு 800 டாலர்.

ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட்டுக்கு ஆண்டுக் கட்டணம் தனி. அமெரிக்க வரிப் படிவத்தைத் தயாரிப்பவருக்குச் சில நூறு டாலர் தனி.

*

‘வரி பூஜ்யம்’ எனும் பாதி உண்மை

சென்னையில் உட்கார்ந்து சென்னையிலேயே வேலை செய்து, அமெரிக்காவில் அலுவலகமோ ஊழியரோ இல்லாமல், அமெரிக்க வாடிக்கையாளருக்குச் சேவை விற்கும் ஒருவருக்கு அமெரிக்காவில் பொதுவாக வருமான வரி வருவதில்லை. சேவைக்கான வருமானம், அந்த வேலை எங்கே செய்யப்பட்டதோ அந்த நாட்டில் பிறந்ததாக அமெரிக்கச் சட்டம் கருதுகிறது. விளம்பரம் இதுவரை சரி.

ஆனால், வரி இல்லை என்பதற்கும் தாக்கல் இல்லை என்பதற்கும் நடுவே 25,000 டாலர் இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவரே முழுக்க வைத்திருக்கும் எல்.எல்.சி., 2017-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் 5472 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதன் மேலட்டையாக, நிறுவன வரிப் படிவமான 1120-ன் முதல் பக்கத்தை எடுத்துப் பெயர், முகவரி போன்ற சில கட்டங்களை மட்டும் நிரப்பி, தலையில் ‘ஃபாரின்-ஓன்ட் யு.எஸ். டி.இ.’ என்று எழுத வேண்டும். இணையத்தில் தாக்கல் செய்ய வழியில்லை. யூட்டா மாநிலம் ஆக்டன் நகரத்து அலுவலகத்துக்குத் தபால், இல்லாவிட்டால் அதே ஃபேக்ஸ். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைப்பவர்களுக்குக் கெடு ஏப்ரல் 15. ஆறு மாத நீட்டிப்பு கேட்கலாம்.

விட்டுப்போனால் அபராதம் 25,000 டாலர். நம் பணத்தில் இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். ஐ.ஆர்.எஸ். நோட்டீஸ் அனுப்பி 90 நாள் கழிந்தும் அசையாவிட்டால், அடுத்த ஒவ்வொரு 30 நாளுக்கும் இன்னொரு 25,000.

‘ஒரு டாலர்கூட வருமானம் வரவில்லை, நான் எதைத் தாக்கல் செய்ய?’ என்று பலர் கேட்கிறார்கள். படிவம் கேட்பது வருமானத்தை அல்ல. உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நகர்ந்த பணத்தை. தொடக்கச் செலவுக்காக நீங்கள் கட்டிய 500 டாலரே அப்படி நகர்ந்த பணம்தான். விற்பனையே நடக்காத கம்பெனிக்கும் கடமை இருக்கிறது என்பதை, 500 டாலர் வாங்கும் நேரத்தில் யாரும் இவர்களுக்கு உரக்கச் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம். ஒருவரின் ஓராண்டு வருமானத்தையே விழுங்கக்கூடிய அபராதத்தை விளம்பரத்தின் அடிக்குறிப்பிலாவது போட வேண்டாமா?

வேலை இங்கே, கம்பெனி அங்கே

இனி வருவதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி. கம்பெனி அமெரிக்காவில் இருக்கலாம். அதன் சொந்தக்காரர் இந்தியாவில் வசிக்கிறார். இந்திய வருமான வரிச் சட்டம் இங்கே வசிப்பவரை உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கணக்கு கேட்கும். ‘எல்.எல்.சி. கணக்கில் இருக்கும் பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால்தான் வரி’ என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது ஆபத்தான நம்பிக்கை.

இரண்டு கேள்விகள் எழும். முதலாவது, அந்தக் கம்பெனியை உண்மையில் நடத்துவது எங்கிருந்து? முக்கிய முடிவுகள் எல்லாம் இந்தியாவில் எடுக்கப்பட்டால், வெளிநாட்டில் பதிவான கம்பெனியையும் இந்தியக் கம்பெனியாகவே கருதி உலக வருமானம் முழுக்க வரி போடச் சட்டம் இடம் தருகிறது. ஆண்டு விற்றுமுதல் ₹50 கோடிக்குள் இருக்கும் கம்பெனிகளுக்கு இந்த விதியைப் போடுவதில்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 பிப்ரவரியில் சுற்றறிக்கை விட்டது. சின்னக் கம்பெனிகளுக்கு அது பெரிய நிம்மதி. பலர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு ₹50 கோடி விலக்கு உதவாது. வேலை முழுக்கப் பீளமேட்டு வீட்டு அறையில் நடக்கிறது. அப்படியானால் அந்த அமெரிக்கக் கம்பெனிக்கு இந்தியாவில் நிலையான தொழிலிடம் இருக்கிறது, அதன் லாபம் இங்கேதான் விளைகிறது என்று வரித்துறை வாதிடலாம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு இந்தியாவில் வரி விகிதம் 35 சதவீதம். அதற்கு மேல் செஸ். 2024 பட்ஜெட்டுக்கு முன்பு இது 40 ஆக இருந்தது. அதே வேலையைத் தன் பெயரிலேயே செய்து, வருமானத்தைத் தனிநபர் கணக்கில் காட்டியிருந்தால் பலர் இதைவிடக் குறைவான வரியோடு முடித்திருப்பார்கள். வரியைக் குறைக்கப் போய்க் கூடுதல் வரிக்கு வழி செய்துகொண்டதாக ஆகும்.

எல்.எல்.சி.க்கும் அதன் உரிமையாளருக்கும் நடுவே சம்பளம், கட்டணம் என்று பணம் போனால் அது தொடர்புடையவர்களுக்கு இடையிலான சர்வதேசப் பரிமாற்றம். தொகை எவ்வளவு சிறிதானாலும் ஆடிட்டர் சான்றிதழோடு அறிக்கை கொடுக்க வேண்டும். எளிய ஐ.டி.ஆர்-1, ஐ.டி.ஆர்-4 படிவங்கள் உங்களுக்கு இனி செல்லாது. வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் எல்.எல்.சி. பங்கையும் அதன் வங்கிக் கணக்கையும் எழுத வேண்டும். அதுவும் நம் ஏப்ரல்-மார்ச் கணக்கில் அல்ல, ஜனவரி-டிசம்பர் கணக்கில்.

எழுத மறந்தால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் வருகிறது. ஆண்டொன்றுக்கு ₹10 லட்சம் அபராதம். அசையாச் சொத்து தவிர மற்ற வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு ₹20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரிலிருந்து தளர்த்தியிருக்கிறார்கள். மறைத்ததாக முடிவானால் மறைத்த மதிப்பில் 30 சதவீத வரியும், அந்த வரியின் மூன்று மடங்கு அபராதமும். வேண்டுமென்றே ஏய்த்ததாக நிரூபணமானால் மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறை.

‘அமெரிக்காவில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்?’ வங்கித் தகவல்களைப் பரிமாறிக்கொள்ள இந்தியாவும் அமெரிக்காவும் 2015-ல் கையெழுத்திட்டிருக்கின்றன. இன்னும் பல நாடுகளிலிருந்தும் தகவல் வருகிறது. அதை வைத்து 2024 நவம்பரில் வரித்துறை வெளிநாட்டுக் கணக்குள்ளவர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது. 24,678 பேர் கணக்கைத் திருத்தி ₹29,208 கோடி வெளிநாட்டுச் சொத்தைக் காட்டினார்கள். மறு ஆண்டு நவம்பரில் இரண்டாம் சுற்றும் தொடங்கியது.

*

பெட்டிச் செய்தி: ரிசர்வ் வங்கி என்ன கேட்கிறது?

வெளிநாட்டு முதலீட்டு விதிகள் 2022 ஆகஸ்ட் 22 முதல் நடைமுறையில் உள்ளன. இந்தியாவில் வசிக்கும் தனிநபர் வெளிநாட்டில் கம்பெனி வைத்துக்கொள்ள இவை அனுமதிக்கின்றன.

உச்சவரம்பு: நிதியாண்டுக்கு 2,50,000 டாலர், மற்ற வெளிநாட்டுச் செலவுகளையும் சேர்த்து. ஆண்டில் ₹10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு டி.சி.எஸ். எனும் முன்வரி 20 சதவீதம் பிடித்தமாகும், கணக்கு தாக்கலில் ஈடுகட்டலாம்.

பணம் போகும் முன்: வங்கியில் ‘ஃபார்ம் எஃப்.சி.’ கொடுத்து, யு.ஐ.என். எனும் அடையாள எண் பெற வேண்டும்.

பணம் போன பின்: ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்று, ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை.

தனிநபருக்குத் தடை: தன் கட்டுப்பாட்டில் உள்ள கம்பெனி நிதிச் சேவைத் தொழில் செய்யக் கூடாது, துணை நிறுவனம் வைத்திருக்கக் கூடாது. வீடு, நிலம் வாங்கி விற்கும் தொழில் யாருக்குமே கூடாது.

*

கார்டைத் தேய்த்த அந்த நிமிடம்

பெரும்பாலான கதைகள் மேலே உள்ள பெட்டியின் ‘பணம் போகும் முன்’ என்ற வரியில்தான் சறுக்குகின்றன. முதலீடு என்பது வங்கி வழியாக, படிவத்தோடு, எண் வாங்கிக்கொண்டு போக வேண்டிய பணம். நடப்பது என்ன? இரவு பதினோரு மணிக்குக் கடன் அட்டையைத் தட்டுகிறார்கள், காலையில் கம்பெனி தயார். வங்கிக்கு அது சாதாரண இணையக் கொள்முதல். ரிசர்வ் வங்கியின் ஏட்டில் அப்படி ஒரு முதலீடே இல்லை.

எண் இல்லாத கம்பெனியால் இரண்டு, மூன்று ஆண்டு எந்தத் தொந்தரவும் வராது. பணம் வளர்ந்து, பெரிய தொகையை ஊருக்குக் கொண்டுவரும்போதோ, கம்பெனியை விற்கும்போதோ, முதலீட்டாளர் ஒருவர் பழைய காகிதங்களைக் கேட்கும்போதோ கேள்வி எழும்: ‘யு.ஐ.என். எங்கே?’ அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவின்படி மீறலுக்குரிய தொகையின் மூன்று மடங்கு வரை, தொகையைக் கணக்கிட முடியாவிட்டால் ₹2 லட்சம் வரை அபராதம் போடலாம். தொடர் மீறலுக்கு நாளொன்றுக்கு ₹5,000 வரை. தாமதத்தைச் சரிசெய்யும்வரை அந்தக் கம்பெனிக்கு மேற்கொண்டு ஒரு டாலரும் அனுப்ப முடியாது.

வங்கிப் பக்கமும் குறை உண்டு. வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் போய் ‘ஃபார்ம் எஃப்.சி.’ என்றால் விழிப்பவர்கள் அதிகம். 300 டாலர் கம்பெனிக்கும் 30 கோடி டாலர் கையகப்படுத்தலுக்கும் ஒரே படிவத்தை வைத்தால் சின்ன ஆள் படிவத்தைத் தவிர்க்கத்தான் பார்ப்பான். சிறு தொகைகளுக்கென்று இணையத்திலேயே முடிகிற எளிய வழி ஒன்றை ரிசர்வ் வங்கி திறந்துவிட்டால், இன்று நிழலில் இருக்கும் கம்பெனிகளில் பாதி தானாக வெளிச்சத்துக்கு வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவில் வேலை பார்த்தபோது அங்கே தொடங்கிய எல்.எல்.சி.யோடு ஊர் திரும்புகிறவர்களின் நிலைமை வேறு. வெளிநாட்டில் வசித்த காலத்தில் வாங்கிய சொத்தைத் தொடர்ந்து வைத்திருக்க ஃபெமா அனுமதிக்கிறது. ஆனால், வரிக் கணக்கில் சொத்துப் பட்டியலில் எழுதும் கடமை, வரிச் சட்டப்படி முழு வசிப்பாளர் ஆனதும் அவர்களுக்கும் உண்டு.

பணம் யார் கையில் இருக்கிறது?

வெளிநாட்டவர் நேரில் வராமலேயே கணக்கு திறந்து தருபவை பெரும்பாலும் வங்கிகள் அல்ல. வங்கிகளுக்கு முன்னால் நிற்கும் ஃபின்டெக் நிறுவனங்கள். செயலி அழகாக இருக்கும். பின்னால் பணத்தை வைத்திருப்பது வேறொரு வங்கி. நடுவில் கணக்கு எழுத இன்னொரு நிறுவனம்.

2024 ஏப்ரலில் சினாப்ஸ் என்ற அப்படியொரு நடு நிறுவனம் திவாலானது. யாருடைய பணம் எந்த வங்கியில் எவ்வளவு என்ற கணக்கே ஒத்துப்போகவில்லை. மே மாதம் முதல் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம் முடங்கியது, 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை குறைவதாகத் திவால் அதிகாரி நீதிமன்றத்தில் சொன்னார். முடங்கியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அங்கே வங்கி மூழ்கினால் 2,50,000 டாலர் வரை அரசுக் காப்பீடு உண்டு. நடுவில் இருக்கும் கணக்குப்பிள்ளை மூழ்கினால் அந்தக் காப்பீடு கிடையாது. அமெரிக்கர்களுக்கே இந்த நிலை என்றால், ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தில் சாட் பெட்டியில் மட்டும் பேச முடிகிற கோவைக்காரர் என்ன செய்வார்? ஓர் ஆண்டு சேமிப்பை அந்தச் செயலியில் விட்டுவைக்காமல், செலவுக்கு வேண்டியது போக மீதியை முறையாக ஊருக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

‘லிமிடெட் லயபிலிட்டி’ என்ற கவசத்துக்கும் நிபந்தனை உண்டு. கம்பெனிப் பணத்தில் வீட்டு மளிகை வாங்கி, இரண்டு கணக்கையும் ஒன்றாகப் புரட்டினால், வழக்கு வரும்போது அமெரிக்க நீதிமன்றம் அந்தக் கவசத்தை விலக்கிவிடலாம். எல்.எல்.சி. வைத்திருப்பதால் அமெரிக்காவுக்குப் போய் வேலை செய்யும் உரிமையும் வராது. எஃப்-1 விசாவில் படிக்கும் பிள்ளைகள் பெயருக்கு உரிமையாளராக இருப்பது வேறு. உட்கார்ந்து வேலை செய்தால் விசா விதியை மீறியதாகும்.

திருப்பூர் பனியனுக்கு எல்.எல்.சி. உதவுமா?

சரக்கு விற்பவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. பனியனும் கரூர் படுக்கை விரிப்பும் அமெரிக்கக் கிடங்கில் போய் இறங்கி, அங்கிருந்து விற்பனையானால், ‘அமெரிக்காவில் எனக்கு எதுவுமில்லை’ என்று சொல்வது கடினமாகிறது. அமெரிக்க வருமான வரிக் கேள்வி உயிர்பெறும். 2018-ல் வேஃபேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, கடையே இல்லாத மாநிலங்களும் விற்பனை வரி கேட்கலாம். அமேசான் போன்ற தளங்கள் தம் விற்பனைக்கு அந்த வரியைத் தாமே பிடித்துக் கட்டிவிடுகின்றன; சொந்த இணையதளத்தில் விற்றால் அது உங்கள் பொறுப்பு.

இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 2025 ஆகஸ்ட் 27-ல் 50 சதவீதத்தைத் தொட்டபோது, எல்.எல்.சி. வைத்தால் தப்பிக்கலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சுங்கம் பார்ப்பது பொருள் எங்கே தயாரானது என்பதை. இறக்குமதி செய்பவரின் பெயர்ப்பலகை டெலவேரில் இருந்தாலும் பனியன் திருப்பூரில் தைத்ததுதான். அதே மாதம் 29-ஆம் தேதியிலிருந்து 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த சலுகையும் எல்லா நாடுகளுக்கும் போய்விட்டது.

போனவர்கள் திரும்புகிறார்கள்

சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், டெலவேர் கம்பெனியாக 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. அதைப் பார்த்து ‘நாமும் எல்.எல்.சி.’ என்று கிளம்புகிறவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அது ‘சி-கார்ப்’ வகை. கம்பெனி அளவில் 21 சதவீத மத்திய வரி உண்டு. வென்ச்சர் முதலீட்டாளர்கள் கேட்பது அதைத்தான். 1792-லிருந்து ஜூரி இல்லாமல் நீதிபதிகளே கம்பெனி வழக்குகளைத் தீர்க்கும் டெலவேரின் சான்சரி நீதிமன்றத்தை நம்பித்தான் அவர்கள் அந்த மாநிலத்தைக் கேட்கிறார்கள். தனியாளாகத் தொழில் செய்பவருக்கு அந்தக் காரணம் எதுவும் பொருந்தாது.

பெரிய கம்பெனிகளில் சில இப்போது எதிர்த் திசையில் நடக்கின்றன. ஃபோன்பே 2022-ல் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு மாறியபோது அதன் முதலீட்டாளர்கள் கட்டிய வரி சுமார் ₹8,000 கோடி. குரோ, டெலவேரிலிருந்து திரும்ப 2024-ல் அமெரிக்க அரசுக்கு ₹1,340 கோடி கட்டியது. இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலாக வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்று இவ்வளவு கொடுத்தார்கள்.

*

பெட்டிச் செய்தி: மற்ற வாசல்கள்

எஸ்டோனியா: 2014 டிசம்பரில் ‘இ-ரெசிடென்சி’ தொடங்கியது. கைரேகை கொடுத்து அட்டையை நேரில் வாங்க வேண்டும். லாபத்தைப் பிரித்துக் கொடுக்கும்வரை அங்கே கம்பெனி வரி இல்லை.

பிரிட்டன்: இயக்குநர்களுக்கு 2025 நவம்பர் 18 முதல் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். பிரிட்டனில் பதிவான கம்பெனி லாபத்துக்கு அங்கே வரி கட்டும்: 19 முதல் 25 சதவீதம்.

சிங்கப்பூர்: உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும். கம்பெனி வரி 17 சதவீதம்.

துபாய்: 2023 ஜூன் முதல், 3,75,000 திர்ஹம் தாண்டிய லாபத்துக்கு 9 சதவீத வரி.

நாடு எதுவானாலும் இந்தியாவில் வசிப்பவருக்கு ஃபெமாவும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலும் ஒன்றேதான்.

*

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

நான்கைந்து வாடிக்கையாளருக்கு வேலை செய்து மாதம் இரண்டு, மூன்று இன்வாய்ஸ் அனுப்பும் வடிவமைப்பாளருக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ எல்.எல்.சி. வேண்டியதில்லை. இந்திய வங்கிக் கணக்குக்கே டாலர் வரும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் எல்.யு.டி. எனும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரியில்லாமல் ஏற்றுமதி செய்யலாம். நாடு கடந்த பணப் பரிமாற்றத்துக்கென்றே பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் தனி ஏற்பாடு கொண்டுவந்த பிறகு இங்கேயும் வழிகள் கூடியிருக்கின்றன. மென்பொருள் விற்பவர்களுக்கு, வாடிக்கையாளரிடம் தன் பெயரில் விற்று, அந்தந்த நாட்டு வரியையும் தானே கட்டி, மீதியை அனுப்பிவைக்கும் பேடில் போன்ற சேவைகள் உள்ளன. கமிஷன் கொஞ்சம் அதிகம். ஆனால், 5472 படிவத்தை நினைத்துத் தூக்கம் கெடாது.

வருமானம் நிலையாகி, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, இரண்டு நாட்டு ஆடிட்டருக்கும் ஆண்டுதோறும் கட்டணம் கொடுத்த பிறகும் லாபம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு எல்.எல்.சி. நல்ல கருவிதான். அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் வங்கி; ஏஜென்சியின் இணையதளத்துக்கு அதன் பிறகு போகலாம்.

ஏற்கெனவே கார்டைத் தேய்த்துத் தொடங்கிவிட்டவர்கள் பயந்து ஒளிவதால் பயனில்லை. வெளிநாட்டு முதலீட்டுப் பிரிவு உள்ள வங்கிக் கிளையைக் கண்டுபிடித்து, நடந்ததை எழுத்தில் கொடுக்கலாம். படிவம் கொடுக்காத தாமதம் மட்டும் என்றால், கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு முடிக்க வழி இருக்கிறது. ஆண்டு அறிக்கை தவறியதற்கு அந்தக் கட்டணம் ஒன்றுக்கு ₹7,500. அதற்கு மேல் போனால் மீறலை ஒப்புக்கொண்டு தொகை கட்டி முடிக்க, ரிசர்வ் வங்கியிடம் ‘காம்பவுண்டிங்’ மனு. மனுக் கட்டணம் ₹10,000, ஜி.எஸ்.டி. தனி. வரிக் கணக்கில் சொத்துப் பட்டியலை விட்டிருந்தால், அவகாசம் இருக்கும்போதே திருத்திய கணக்கு தாக்கல் செய்வது நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

பயன்படாத எல்.எல்.சி.யை அப்படியே போட்டுவிட்டால் தானாகச் செத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. டெலவேர் மூன்று ஆண்டு வரி வராவிட்டால் பதிவை ரத்து செய்கிறது. அதுவரை ஆண்டுக்கு 300 டாலரும் அபராதமும் வட்டியும் ஏறும், ஐ.ஆர்.எஸ். கணக்கு அதோடு முடிவதுமில்லை. முறையாக மூடுவதென்றால் பாக்கியைக் கட்டி ரத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், வங்கிக் கணக்கை முடிக்க வேண்டும், மிச்சப் பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்து முதலீடு முடிந்ததை முப்பது நாளுக்குள் வங்கி வழியே தெரிவிக்க வேண்டும். ரத்துச் சான்றிதழின் நகலை ஆடிட்டரிடம் கொடுத்து, கடைசி ஆண்டுக்கான 5472 ஆக்டனுக்குப் போய்ச் சேர்ந்ததற்கான ஃபேக்ஸ் ரசீதையும் அதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.